வலி எனக்கு, ஆபரேஷன் பெரியப்பாவுக்கு: கழுத்து ஜவ்வு பிதுங்கினால் எந்த வழி?

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு எம்.ஆர்.ஐ. உறைகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே வருஷத்தில் எடுத்தவை. ஒன்று என்னுடையது, அப்போது எனக்கு 43 வயது. இன்னொன்று பெரியப்பாவுடையது; அவருக்கு 67. அறிக்கைகளை அருகருகே வைத்துப் படித்தால் ஏறக்குறைய ஒரே வாசகங்கள்தான்: கழுத்தெலும்புத் தேய்மானம், ஜவ்வு பிதுங்கல், அழுத்தம்.

வலியில் துடித்தது நான். வலது தோளிலிருந்து நடுவிரல் வரை காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு இழுப்பதுபோல் இருக்கும். மூன்று வாரம் படுத்துத் தூங்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்ததுதான் தூக்கம். பெரியப்பாவுக்கோ வலி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது, செருப்பு காலைவிட்டு நழுவினால் தெரிவதில்லை, அவ்வளவுதான் என்றார். கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டது அவர். எனக்குக் கத்தி படாமலே சரியானது. சொந்தக்காரர்கள் இன்றுவரை இதைத் தலைகீழாக நடந்துவிட்டது என்றுதான் நினைக்கிறார்கள். இரண்டு முடிவுமே சரி. ஏன் சரி என்று புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அந்த நேரத்தை இன்னொருவருக்காவது மிச்சப்படுத்தலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். எலும்புகள் ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். முதல் எலும்பு வெறும் வளையம். அதன்மேல் ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலை உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேல்நோக்கி நீண்டு அந்த வளையத்துக்குள் நிற்கிறது. தலையை இடமும் வலமும் திருப்பும்போது அச்சாணி அந்த முளைதான். மொத்தத் திருப்பத்தில் பாதி அந்த ஒரு மூட்டிலேயே நடந்துவிடுகிறது. அங்கே ஜவ்வு கிடையாது. நம் ஊரில் ஜவ்வு என்று சொல்வது எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்கை. அது இரண்டாவது, மூன்றாவது எலும்புகளின் நடுவிலிருந்துதான் தொடங்குகிறது. அதிகம் தேய்வது ஐந்தாவது-ஆறாவது நடுவிலும் ஆறாவது-ஏழாவது நடுவிலும். குனிந்து பிடரியைத் தடவினால் கையில் துருத்திக்கொண்டு தட்டுப்படுவது பெரும்பாலும் அந்த ஏழாவது எலும்புதான்.

எலும்புகளின் நடுத்துளைகள் வரிசையாகச் சேர்ந்து ஒரு குழாயாகின்றன. அந்தக் குழாயில் இறங்குகிறது தண்டுவடம். ஒவ்வொரு மட்டத்திலும் இடம் வலமாக ஒரு ஜோடி நரம்பு வேர் வெளியே வந்து தோளுக்கும் கைக்கும் போகிறது. எலும்பு ஏழு என்றாலும் வேர் எட்டு ஜோடி. ஆறாவது-ஏழாவது எலும்புகளுக்கு நடுவே வருவது ஏழாம் வேர். அது நசுங்கினால் நடுவிரல் மரத்துப்போகும், முழங்கையை நீட்டும் தசை சோர்ந்துபோகும். எனக்கு நடந்தது இதுதான். கனமான கதவைத் தள்ள முடியவில்லை. அதற்கு மேலே உள்ள ஆறாம் வேர் என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரக்கும், முழங்கையை மடக்கும் பலம் குறையும். கையைத் தலைமேல் வைத்தால் வலி தணிவதும் வேர் நசுங்கியதற்கு ஓர் அடையாளம். நான் அறியாமல் செய்துகொண்டிருந்ததை மருத்துவர் பார்த்த உடனே பாதி முடிவுக்கு வந்துவிட்டார்.

வேரைக் கிளை வாய்க்கால் என்று வைத்துக்கொண்டால் தண்டுவடம் தலைவாய்க்கால். கிளையில் மண் சரிந்தால் ஒரு வயல் காயும். தானாக அரித்துக்கொண்டு திறக்கவும் செய்யும். தலைவாய்க்கால் குறுகினால் ஊர் முழுக்கக் காயும். ஜவ்வு பக்கவாட்டில் பிதுங்கினால் வேரை அழுத்தும். நடுவில் பிதுங்கினாலோ, வயதில் எலும்பும் தசைநாரும் தடித்துக் குழாயே குறுகினாலோ தண்டுவடத்தை அழுத்தும். கீழ்க்கழுத்தில் இந்தக் குழாய் முன்பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும். 13-க்குக் கீழே போனால் குறுகல் என்பார்கள். 10 என்றால் தண்டுவடத்துக்கு ஒதுங்க இடமே இல்லை. எனக்கு அழுத்தப்பட்டது வேர். பெரியப்பாவுக்குத் தண்டுவடம். அறிக்கையில் 'அழுத்தம்' என்ற ஒரே சொல்தான் இருந்தது.

அறிக்கையைப் பார்த்து மட்டும் பயப்படவும் வேண்டாம். ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். அதில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அப்படித்தான். படத்தில் தெரியும் பிதுங்கலும் உடம்பில் தெரியும் தொந்தரவும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அந்தப் படத்துக்கு அர்த்தம். விரலைத் தொட்டு, பலத்தைச் சோதித்து, சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஆபரேஷன் தேதி குறித்தால், நான் இன்னொருவரிடம் போய்க் கேட்பேன். நான் முதலில் போன இடத்தில் அப்படித்தான் நடந்தது. நல்ல வேளை, என் மனைவி வற்புறுத்தி இரண்டாவது கருத்துக் கேட்க வைத்தாள்.

வேர் மட்டும் நசுங்கியவர்களுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: காத்திருப்பது, காலர் அல்லது பிசியோ, ஊசி, ஆபரேஷன்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அங்கே ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. பிதுங்கி வெளியே வந்த ஜவ்வை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து, துப்புரவு செய்யும் செல்களை அனுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பெரிதாகப் பிய்த்துக்கொண்டு வந்த துண்டுதான் பல சமயம் நன்றாகக் கரையும் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அமெரிக்காவில் மினசோட்டாவின் ராசெஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை இந்தத் தொந்தரவு வந்த 561 பேரைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஆபரேஷனுக்குப் போனார். கடைசியாகப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பேர் தொந்தரவே இல்லாமலோ லேசான தொந்தரவோடோ இருந்தார்கள். என் மனசை மாற்றியது இந்த ஒரு கணக்குதான்.

காலரும் பிசியோவும் ஒன்றுக்கொன்று எதிரி என்பதுபோல ஊரில் பேசிக்கொள்வார்கள். நெதர்லாந்தில் வலி புதிதாக வந்த 205 பேரை மூன்றாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குக் காலரும் ஓய்வும், ஒன்றுக்குப் பிசியோ, மூன்றாவதற்கு இரண்டும் இல்லை. முதல் ஆறு வாரத்தில் காலர் போட்டவர்களுக்கும் பிசியோ செய்தவர்களுக்கும் கைவலி வேகமாகக் குறைந்தது. ஆறு மாதத்தில் மூன்று பிரிவும் ஒன்றாகிவிட்டன. ஆக, இரண்டுமே காத்திருக்கும் காலத்தைத் தாங்கிக்கொள்ள உதவுபவை. காலரை நான் இரண்டு வாரம் போட்டுக் கழற்றிவிட்டேன். மாதக்கணக்கில் போட்டிருந்தால் பிடரித் தசைகள் வேலையை மறந்து மெலிந்துபோகும். பஸ்ஸில் மூன்று நான்கு வருஷமாகக் காலரோடு வரும் ஒருவரைப் பார்க்கிறேன்; யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாமே என்று ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது. பிசியோவில் எனக்குப் பயன்பட்டது தாடையை உள்ளிழுக்கும் பயிற்சியும் தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சியும்தான். மாத்திரைகளில் நரம்பு வலிக்குக் கொடுத்தது பகலெல்லாம் தூக்கம் வரவழைத்தது, வண்டி ஓட்டவில்லை. சாதாரண வலி மாத்திரையை மருந்துக் கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போடுவது சிறுநீரகத்துக்குக் கேடு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

ஊசி விஷயத்தில் நான் கொஞ்சம் பயந்தவன்தான், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. முதுகில் நரம்புப் பக்கம் ஸ்டீராய்டு போடுவதும் கழுத்தில் போடுவதும் ஒன்றாகாது. கழுத்தெலும்புகளின் இரு பக்கமும் உள்ள துளைகள் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஏறுகிறது. மருந்து தவறி அதற்குள் போனால் பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான். ஆனாலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. வலி தாங்கவே முடியவில்லை, ஆபரேஷனும் வேண்டாம் என்பவர்களுக்கு, படம் பார்த்துக்கொண்டே ஊசி போடும் அனுபவசாலியிடம் மட்டும் என்றால் யோசிக்கலாம். பலனும் பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான்.

இதே ரத்தக்குழாய்க்காகத்தான் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முடி வெட்டியதும் சலூனில் கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்கள். சுகமாக இருக்கும், நானும் இருபது வருஷம் எடுத்துக்கொண்டவன். அந்தத் திருப்பலில் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. ஜவ்வு பிதுங்கிய கழுத்தை யாரும் சொடக்கவோ, சுளுக்கு எடுக்கிறேன் என்று திருகவோ விடக்கூடாது.

அப்புறம் ஆபரேஷன். வேருக்காக மட்டும் செய்யும் ஆபரேஷன் வலியை வேகமாகக் குறைக்கும், அதை மறைக்கக் கூடாது. சுவீடனில் 81 பேரை ஆபரேஷன், பிசியோ, காலர் என்று பிரித்துச் சோதித்தபோது மூன்று நான்கு மாதத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வருஷம் தாண்டியதும் வித்தியாசம் மறைந்துபோனது. அதனால் என் கணக்கு இப்படி: பலம் குறையவில்லை அல்லது குறைந்தது மேலும் குறையாமல் நிற்கிறது என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்க்கலாம். பலம் வாரத்துக்கு வாரம் குறைகிறது, தோளைத் தூக்க முடியவில்லை, மணிக்கட்டு தொங்குகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதமாகியும் தூக்கமும் வேலையும் கெடுகிறது என்பவர் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் நியாயமே. கூலி வேலை செய்து அன்றாடம் சம்பாதிப்பவருக்கு மூன்று மாதம் காத்திருப்பதே பெரிய செலவு. அவர் முடிவு என்னுடையது போல இருக்க வேண்டியதில்லை. வலியோடு காய்ச்சல், எடை குறைதல், முன்பு புற்றுநோய் அல்லது காசநோய் இருந்தது என்றால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் அரிதல்ல. உடனே பார்க்க வேண்டும்.

ஆபரேஷன் என்று முடிவானால் அதிலும் மூன்று வகை. தொண்டைப் பக்கமாக, மூச்சுக்குழாய்க்கும் பெரிய ரத்தக்குழாய்க்கும் நடுவே புகுந்து ஜவ்வை எடுத்துவிட்டு இரண்டு எலும்பையும் ஒட்ட வைப்பது பழைய முறை, 1950-களிலிருந்து இருக்கிறது. நம்பகமானது. சில வாரம் விழுங்கச் சிரமமாக இருக்கலாம், குரல் கரகரக்கலாம். ஒட்டிய இடத்துக்கு மேலும் கீழும் உள்ள ஜவ்வுகள் பிறகு தேயலாம். 1999-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் வருஷத்துக்கு 2.9 சதவீதம் பேருக்கு அப்படிப் புதிய தொந்தரவு வந்தது. ஒட்டியதால் தேய்ந்ததா, தேய வேண்டிய கழுத்து தேய்ந்ததா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. ஜவ்வு இருந்த இடத்தில் அசையும் செயற்கை டிஸ்க் வைப்பது இரண்டாவது. அமெரிக்காவில் 2007-ல் அனுமதி கிடைத்தது. இளவயது, ஒரு மட்டம், கழுத்தெலும்புகளின் பின்பக்கச் சிறு மூட்டுகளில் தேய்மானம் இல்லை என்றால் நல்ல வழி. விலை அதிகம். நெதர்லாந்தில் 109 பேரை வைத்துச் செய்த சோதனையில் இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது செயற்கை டிஸ்க் வைத்தவர்களுக்கும் ஒட்ட வைத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடன் வாங்கியாவது செயற்கை டிஸ்க்தான் வைக்க வேண்டும் என்று யாராவது அழுத்தினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, பிடரிப் பக்கமாகப் போய் வேர் வெளியேறும் வாசலை மட்டும் பெரிதாக்குவது. எதையும் ஒட்டுவதில்லை, எதையும் வைப்பதில்லை. பக்கவாட்டுப் பிதுங்கலுக்கு மட்டும் பொருந்தும். நெதர்லாந்திலேயே 265 பேரிடம் முன்பக்க ஆபரேஷனோடு ஒப்பிட்டார்கள், அதைவிடச் சளைத்ததாகத் தெரியவில்லை. நம் ஊரில் இதைப் பற்றிக் கேட்டால்தான் சொல்கிறார்கள். கேளுங்கள்.

இனி பெரியப்பா.

"வலியே இல்லடா, எதுக்குக் கழுத்த அறுக்கணும்?" என்றுதான் முதலில் கேட்டார். நானும் என் அனுபவத்தை வைத்து, "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் பெரியப்பா" என்றேன். அது தவறான ஆலோசனை. தண்டுவடம் நசுங்கும்போது வலி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பொத்தான், கையெழுத்து, சில்லறை எண்ணுவது போன்ற நுண்வேலைகள் தடுமாறும். இருட்டில் நடை தள்ளாடும். கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் ஓடியதுபோல் இருக்கும். இன்னும் முற்றினால் சிறுநீர் அடக்க முடியாது. வயசாச்சு, சர்க்கரை இருக்கு என்று வீட்டார் விட்டுவிடுவது இதனால்தான்.

கை, கால், உணர்ச்சி, சிறுநீர் நான்கையும் சேர்த்து 18 புள்ளிக்கு மதிப்பிடும் ஓர் அளவுகோல் உண்டு. 15-லிருந்து 17 வரை லேசானது, 12-லிருந்து 14 நடுத்தரம், அதற்குக் கீழே கடுமை. 2017-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் ஆபரேஷனையே பரிந்துரைக்கிறது. லேசானதற்கு ஆபரேஷன் அல்லது கண்காணிப்போடு கூடிய பயிற்சி, இரண்டில் ஒன்று, மோசமானால் ஆபரேஷன். பெரியப்பாவுக்கு 13. இங்கே காத்திருப்பதற்குக் கிடைக்கும் கூலி வேறு: போன பலம் திரும்புவது நிச்சயமில்லை. ஆபரேஷனின் முதல் நோக்கம் இருப்பதைக் காப்பது, மீட்சி அதற்கு மேல் கிடைக்கும் வரவு. இதை ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவர் அவரிடம் நேராகச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை நம்பினோம்.

லேசான நிலையில் இருப்பவர்கள் யோசிக்க இன்னொரு விஷயமும் இருக்கிறது. குழாய் குறுகியவர் குளியலறையில் வழுக்கி நெற்றி இடிபட விழுந்தால், கழுத்து பின்னுக்கு மடங்கி, எலும்பு முறியாமலே தண்டுவடம் நசுங்கிவிடும். கால்களைவிடக் கைகள் அதிகமாகச் செயலிழக்கும். ஆகவே ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுத்தவர் வீட்டில் குளியலறைக் கைப்பிடியும் வழுக்காத தரையும் சிகிச்சையின் பகுதியே.

முன்பக்கமா பின்பக்கமா என்ற கேள்வி இங்கேயும் வந்தது. அவருக்கு மூன்று மட்டத்தில் குறுகல். கழுத்தின் இயல்பான வளைவு கெடாமல் இருந்ததால், பின்பக்க எலும்பு வளைவைக் கதவுபோல ஒரு பக்கம் திறந்து குழாயை அகலமாக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜப்பானில் 1970-களில் உருவான முறை இது. முன்பக்கம் செய்திருந்தால் விழுங்கும் சிரமம் அதிகம்; பின்பக்கம் என்றால் பிடரி வலியும், நூற்றில் ஐந்து பேர் அளவில் தோள் தூக்கும் பலம் தற்காலிகமாகக் குறைவதும் உண்டு. கழுத்து முன்னோக்கி வளைந்துபோனவர்களுக்கு இது மட்டும் போதாது. வட அமெரிக்காவில் 163 பேரிடம் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டதில் ஒரு வருஷம் கழித்து உடல் இயக்கத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. அதனால் அந்தப் படத்துக்கு எது பொருத்தம், அந்த மருத்துவர் எதை அதிகம் செய்தவர் என்பதைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் நரம்பியல் அறுவைப் பிரிவில் ஒரு கருத்துக் கேட்டுக்கொள்வதும் நல்லது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-லேயே மருத்துவர் ராமமூர்த்தி தொடங்கிவைத்த துறை அது.

விபத்தில் அடிபட்ட கழுத்துக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே தேர்வு நிமிஷங்களில் நடக்கிறது. மூச்சுக்கான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் வேர்களிலிருந்து வருகிறது. அதற்கு மேலே தண்டுவடம் அறுந்தால் மூச்சே நின்றுவிடும். மரத்திலிருந்து விழுந்தவரை, கிணற்றில் தலைகுப்புறக் குதித்து அடிபட்ட பையனைப் பதற்றத்தில் கைகால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தால் முறிந்த எலும்பு தண்டுவடத்தை வெட்டும். தீயோ தண்ணீரோ மூச்சுத் திணறலோ இல்லாவிட்டால் தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கப் பிடித்துக்கொண்டு 108-க்காகக் காத்திருப்பதே மேல். எலும்பு கட்டும் வைத்தியரிடம் கழுத்தைக் கொண்டுபோகக் கூடாது. தண்டுவடம் நசுங்கியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுப்பவர்களுக்கு மீட்சி கூடுதல் என்று 2012-ல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே பக்கத்து ஊர்ச் சின்ன மருத்துவமனையைவிட ஸ்கேனும் அறுவை மருத்துவரும் இருக்கும் இடம் முக்கியம். லேசாக அடிபட்டு நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்குப் படம் எடுக்க வேண்டுமா என்பதற்கு 2001-ல் கனடா மருத்துவர்கள் வகுத்த விதி இருக்கிறது. 65 வயதோ அதற்கு மேலோ, 3 அடி உயரத்திலிருந்தோ 5 படியிலிருந்தோ விழுந்தது, கைகால் மதமதப்பு: இதில் ஒன்று இருந்தாலும் கட்டாயம் எடுக்க வேண்டும்.

பெரியப்பாவுக்கு இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. நடை திடமாகிவிட்டது, மாடிப்படியில் கைப்பிடி பிடிப்பதில்லை. பொத்தான் போடுகிறார், பழைய வேகம் இல்லை. இடது கை விரல்நுனி மதமதப்பு அப்படியே இருக்கிறது. ஆறு மாதம் முன்பே வந்திருந்தால் அதுவும் போயிருக்குமோ என்று ஒருநாள் கேட்டார். நான்தான் பொறுத்துப் பார்க்கலாம் என்றவன். பதில் சொல்லத் தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.